கிட் விமானக் கூட்டத்துக்கு முதல் முறை வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுவதில் ஆர்வமுள்ளவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடியில் ஒரு பட்டறைக் கொட்டகையில் கூடுகிறோம். புதிதாக வர நினைப்பவர்கள் போனிலும் நேரிலும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. படித்துவிட்டு வந்தால் அன்று பேச்சுக்குப் போகும் நேரம் குறையும், வேலை பழக நேரம் கூடும்.

கிட் விமானம் என்றால் பொம்மை விமானமா?

இல்லை. ஆள் ஏறிப் பறக்கிற விமானம். பெரும்பாலும் இரண்டு பேர் உட்காரலாம், சிலவற்றில் நான்கு பேர். முழு விமானமாக வராமல், வெட்டி வளைத்துத் துளை போட்ட தகடுகள், ரிவெட்டுகள், போல்ட்டுகள், வரைபடங்கள் என்று பெட்டி பெட்டியாக வரும். கட்டுவது வாங்கியவரின் வேலை. அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் 1973இல் தொடங்கியது. அவர்களுடைய ஆர்வி வரிசையில் 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. ஜெனித், கிட்ஃபாக்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் என்று வேறு பல நிறுவனங்களும் உண்டு. நமக்குப் பக்கத்தில் பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம், அலுமினியக் குழாயும் துணியும் கொண்ட எக்ஸ்-ஏர் கிட்களைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய விஷயம்.

கூட்டத்தன்று விமானம் பறக்குமா? ஏறிப் பார்க்கலாமா?

பறக்காது. வடசென்னையில் நமக்கு ஓடுதளம் இல்லை. கொட்டகையில் இருப்பது பாதி கட்டிய ஒரு வால் பகுதி, சில மேசைகள், ஒரு கம்ப்ரசர், பழகிப் பழகித் துளை போட்ட ஏராளமான தகடுகள். அந்த வால்கூடப் பறக்கப்போவதில்லை, கற்றுக்கொள்வதற்காகக் கட்டுகிறோம். வானில் சாகசம் பார்க்க ஆசை என்றால் பெங்களூரு எலஹங்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியாவுக்குப் போங்கள்.

நான் இன்ஜினியர் இல்லை. வரலாமா?

கட்டாயம் வாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேர், இன்ஜினியரிங் படித்தவர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கியதிலிருந்து ரயில் பெட்டி கட்டிய குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை! தகட்டை அளந்து குறி போடவும், துளைக்குத் துளை பொருந்தவும், ஒரு மில்லிமீட்டர் தவறினால் கோபப்படவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிங்கரிங் தெரிந்தவர் கையில் டாலியை, அதாவது ரிவெட்டின் பின்புறம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டையை, கொடுத்தால் ரிவெட் அடிப்பதில் பாதியைக் கற்றுவிட்டார் என்று அர்த்தம்.

தையல் தெரிந்தவர்களும் தேவை. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம் போட்ட விமானங்களில் இறக்கைக்கு மேல் போர்த்துவது பாலியஸ்டர் துணி. இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிச் சுருக்கி இழுத்து, பிறகு இறக்கையின் குறுக்குச் சட்டங்களோடு சேர்த்து மெழுகு நூலால் தைப்பார்கள். சூடு முதலில் 120 டிகிரி செல்சியஸ் அளவில், கடைசியில் 175 டிகிரி அளவில். இஸ்திரிப் பெட்டியின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், வெப்பமானியை வைத்துச் சரிபார்த்த பிறகே துணியில் வைக்க வேண்டும். அதைத் தாண்டிச் சூடு போனால் துணி தளர்ந்துவிடும். சூட்டைத் துணியில் நிதானமாக நகர்த்துவது பழகிய கைக்குத்தான் வரும்.

அன்று என்ன செய்வோம்?

காலையில் முதல் வேலை ரிவெட். புதியவர் எல்லோருக்கும் இரண்டு துண்டுத் தகடு கொடுப்போம். துளை போடுங்கள், துளையின் பிசிறை எடுங்கள், இரண்டையும் கிளிக்கோவால் பிடித்து நிறுத்துங்கள், ரிவெட் அடியுங்கள். கிளிக்கோ என்பது துளைக்குள் நுழைந்து இரண்டு தகட்டையும் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் பிடிப்பான். ஒரு கிட் கட்டுகிறவரிடம் இது நூற்றுக்கணக்கில் இருக்கும். வெள்ளி நிறம் என்றால் சிறிய துளைக்கு, செம்பு நிறம் என்றால் 3.2 மில்லிமீட்டர் துளைக்கு. நிறத்தைப் பார்த்தே எடுத்துப் பழகிவிடுவீர்கள்.

சரி, ரிவெட் நன்றாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? அளந்துதான். அடித்த பக்கத்தில் உருவாகும் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் விட்டத்தில் பாதி. 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் தலை ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ஓரம் கிழியும். இதற்கெல்லாம் அளவுகோல் மேசையிலேயே இருக்கும்.

சுமாராக விழுந்த ரிவெட்டைப் பார்த்ததும் உடனே துளைத்து எடுக்கத் துடிக்காதீர்கள். அவசரத்தில் எடுக்கும்போது துளை பெரிதாகிவிட்டால், முதலில் இருந்த ரிவெட்டைவிட நிலைமை மோசமாகிவிடும். எதை விடலாம், எதை எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிசிறு எடுப்பதைச் சலிப்பான வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. விமானத் தகட்டில் ஓரத்தில் உள்ள ஒரு சிறு கீறல்தான் விரிசலின் தொடக்கம். பறக்கும்போது இறக்கை விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு கீறலைத் தேடிப் போய் அங்கிருந்து பிளக்கும். ஆகவே அரை மணி நேரம் பிசிறு மட்டுமே எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

மதியத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் ஒரு விஷயத்தை விளக்குவார். போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பிடிப்பது, எடையும் சமநிலையும் கணக்கிடுவது, எரிபொருள் குழாய் போடும் முறை, இப்படி ஏதாவது ஒன்று.

பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் அலுமினியத் தகடு போதாதா?

பழகுவதற்குப் போதும், தாராளமாக வாங்கி வாருங்கள். விமானத்துக்குப் போதாது. கிட்களில் பரவலாக வருவது 2024-டி3 என்ற கலவை. ஏறக்குறைய 4 சதவீதம் செம்பு கலந்து, சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தியது. வலிமை பாத்திரத் தகட்டைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தச் செம்பாலேயே அது எளிதில் அரிக்கும். அதனால் இருபுறமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் பூசித் தருவார்கள். தகடு எந்த ஆலையில், எந்தத் தொகுதியில் வார்க்கப்பட்டது என்ற சான்றிதழோடுதான் வாங்க வேண்டும். பார்வைக்கு இரண்டு தகடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அங்கேதான் ஆபத்து. போல்ட்டுக்கும் இதே விதி: தலையில் விமானத் தரக் குறி இல்லாத போல்ட் எங்கள் பெட்டிக்குள் வராது.

நான் காசிமேட்டில் பைபர் படகு கட்டுகிறேன். அதே வேலைதானே?

பாதி அதேதான், மீதிப் பாதியில் கவனம் வேண்டும். கண்ணாடி இழையை விரிப்பது, ரெசின் ஊற்றுவது, காற்றுக் குமிழியை விரட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் படகுக்கு நீங்கள் போடுவது பாலியஸ்டர் ரெசின்; விமானத்துக்குப் போடுவது எப்பாக்ஸி. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1970களின் கடைசியில் கொண்டுவந்த லாங்-ஈஸி விமானத்தில் இறக்கையின் உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, மேலே கண்ணாடித் துணி போர்த்துவார்கள். அந்த நுரைமேல் பாலியஸ்டர் ரெசின் பட்டால் நுரை கரைந்துபோகும். எப்பாக்ஸி கரைக்காது.

இன்னொரு வித்தியாசம் எடை. படகில் ரெசின் கொஞ்சம் கூடினால் பலம் என்று விடலாம். விமானத்தில் கூடுதல் ரெசின் பலம் தராது, சுமை மட்டும்தான். துணி நனைந்த பிறகு மிச்சத்தை வழித்து எடுப்பதில்தான் கைத்திறன் தெரியும். உங்களைப் போன்றவர்கள் வந்தால் எங்களுக்குப் பெரிய லாபம். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 1980களில் இதே லாங்-ஈஸி வடிவத்தை வைத்து ஒரு ஆய்வு விமானம் கட்டிப் பறக்கவிட்டது. நம் நாட்டில் இழை விமானம் கட்டும் அறிவு வளர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

ஒருவர் வேலையை எல்லோரும் வந்து பார்க்கிறீர்களே, சங்கடமாக இருக்காதா?

இந்தக் கூட்டம் இருப்பதே அதற்காகத்தான். தனியாக வீட்டில் கட்டுகிறவர் வரைபடத்தை ஒரு தடவை தவறாகப் படித்துவிட்டால், மறுநாளும் அதே தவறாகத்தான் படிப்பார். அவருடைய கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். இறக்கையைச் சாய்க்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு, அப்படியே கிளம்பி விழுந்த விமானங்கள் உலகத்தில் உண்டு. மாட்டியவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. விமானி பிடிக்கும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, வெளியே நின்ற இன்னொருவரிடம் எந்தப் பக்கம் எது தூக்குகிறது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் 1953இல் பால் போபரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம் இதற்கென்றே அனுபவமுள்ள தன்னார்வலர்களை வைத்திருக்கிறது. கட்டுகிறவர் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்வார்கள், காசு வாங்குவதில்லை. எங்கள் ஏற்பாடு அதைவிடச் சின்னது. மேசையில் ஒரு நோட்டு இருக்கும். எந்தத் தேதி, எந்தப் பகுதி, யார் அடித்தது, யார் பார்த்தது என்று எழுதுவோம். அடித்தவரே பார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. முப்பது வருஷ அனுபவம் உள்ள அண்ணனுக்கும் நேற்று வந்த தம்பிக்கும் இந்த விதி ஒன்றுதான். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, ஆய்வாளர் கையெழுத்து இல்லாமல் பெட்டி வெளியே போகாது என்பது அவர்களுக்குப் பழக்கம். மற்றவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீங்களே கூப்பிட ஆரம்பித்துவிட்டால் கூச்சம் போய்விடும்.

கட்டி முடிக்க எவ்வளவு காலம், எவ்வளவு செலவு ஆகும்?

இரண்டு பேர் உட்காரும் தகட்டு விமானத்துக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று, நான்கு வருஷம். செலவில் கிட் ஒரு பங்கு மட்டும்தான். இன்ஜின், புரொப்பல்லர், மானிகள், பெயின்ட், சுங்கவரி எல்லாம் தனி. இதனால்தான் பல நிறுவனங்கள் வால் கிட்டை மட்டும் தனியாக விற்கின்றன. முதலில் அதை வாங்கிக் கட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் இறக்கைக்குப் போங்கள். கடன் வாங்கி முழு கிட்டையும் ஒரேயடியாக இறக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் சட்டப்படி பறக்க முடியுமா?

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் பதிவும் பறப்பதற்கான அனுமதியும் இல்லாமல் முடியாது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காலி மைதானம், ஏரிக்கரை, கடற்கரை எங்கே என்றாலும் பதிவில்லாத விமானத்தில் பறப்பது குற்றம். அப்படி எண்ணம் உள்ளவர்களுக்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை, இதில் சமரசமே கிடையாது.

வழி நீளமானது, ஆனால் அடைக்கப்பட்டது அல்ல. மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் தன் குடியிருப்பின் மொட்டை மாடியில் சொந்த வடிவமைப்பில் விமானம் கட்டினார். 2016இல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அது வைக்கப்பட்டது, 2017இல் பதிவு கிடைத்தது. அவர் பல ஆண்டுகள் அலைந்துதான் அந்தக் காகிதத்தை வாங்கினார். அமெரிக்காவில் விதி எளிது. விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாங்களே கட்டினோம் என்று காட்ட வேண்டும். பேச்சுவழக்கில் 51 சதவீத விதி என்பார்கள். அதன்பின் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் சோதனைப் பறத்தல் முடிக்க வேண்டும்.

கட்டுவது வேறு, ஓட்டுவது வேறு என்பதையும் மறக்காதீர்கள். தனியார் விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

புல்லட் இன்ஜினைப் போட்டால் என்ன?

திருவொற்றியூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் கூட்டம் முடிந்ததில்லை. ஆசை நியாயமானது. ஆனால் பைக் இன்ஜின் முழு வேகத்தில் ஓடுவது சில நிமிடம்தான். விமான இன்ஜின் ஏறும்போது முழுச் சக்தியும், அப்புறம் மணிக்கணக்கில் முக்கால் சக்தியும் தர வேண்டும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வும் விமானச் சட்டத்தைப் பதம் பார்க்கும். கிட் விமானங்களில் பரவலாக உள்ள ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912இல் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், ஒன்றையொன்று சாராத இரண்டு பற்றவைப்பு அமைப்பு. 80 குதிரைத்திறனிலும் 100 குதிரைத்திறனிலும் வருகிறது. 100 குதிரைத்திறன் மாடல் முழுச் சக்தியில் நிமிடத்துக்கு 5,800 சுற்றில் ஓடும். புரொப்பல்லர் அந்த வேகத்தில் சுற்றக் கூடாது என்பதால் கியர் பெட்டி வைத்துக் குறைத்திருப்பார்கள்.

பெட்ரோல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. இந்த இன்ஜினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதாவது பங்கில் பிடித்து ஊற்ற முடியாது. ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2022 முதல் வதோதரா ஆலையில் தயாரிக்கிறது; ரோட்டாக்ஸில் அதைப் போடலாம், ஆனால் அதிலுள்ள ஈயம் படிவதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

நம் வெயிலும் உப்புக்காற்றும் விமானத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும். எண்ணூர் முதல் ராயபுரம் வரை வீட்டு கிரில்லுக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். அலுமினியத்தோடு இரும்பு நேரடியாகத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். உட்பக்கத் தகடுகளுக்கு ப்ரைமர் அடிப்பது சில ஊர்களில் விருப்பம், இங்கே அவசியம். வியர்வைக் கையால் தகட்டைத் தொட்டால் ரேகை அப்படியே அரித்துப் பதியும், கையுறை போடுங்கள்.

வெயில் பறத்தலையும் பாதிக்கும். 40 டிகிரி வெயிலில் கடல்மட்டத்து ஓடுதளத்தில் நின்றாலும், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளதுபோல ஆகிவிடும். ஓடும் தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். எப்பாக்ஸி இழை விமானங்களை வெள்ளையாகவே பெயின்ட் அடிப்பதும் சூட்டுக்குப் பயந்துதான்.

ஓஷ்கோஷ் போக வேண்டும் என்று ஆசை. எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் நடக்கும் மாநாடு அது. மேலே சொன்ன எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் 1970 முதல் அந்த ஊரில் நடத்துகிறது. 10,000 விமானங்களுக்கு மேல் அந்த வட்டாரத்தில் வந்து இறங்கும். ஓட்டி வந்தவர்கள் தங்கள் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ரேடியோவில் பதில் சொல்ல நேரம் இருக்காது என்பதால், "இறக்கையை ஆட்டுங்கள்" என்று தரையிலிருந்து சொல்வார்கள். விமானி ஆட்டிக் காட்டிவிட்டு வரிசையில் வருவார்.

அங்கே போனால் சாகசக் காட்சியோடு நிறுத்திக்கொள்ளாமல், பயிற்சிக் கூடாரங்களில் உட்காருங்கள். தகடு, வெல்டிங், துணி, இழை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. 2014இல் வந்திருந்த பார்வையாளர்களையே ஆளுக்கொரு ரிவெட் போடவைத்து ஜெனித் விமானம் ஒன்றை ஒரே வாரத்தில் கட்டினார்கள். 2018இல் ஆர்வி-12 விமானத்தை அப்படிக் கட்டினார்கள்.

இதையெல்லாம் வடசென்னையில் எதற்குச் செய்கிறீர்கள்?

1910இல் மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ், தான் வரைந்த விமானத்தைச் சிம்சன் கம்பெனியில் கட்டவைத்து, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் மக்கள் பார்க்கப் பறந்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகாத காலம். அதைக் கட்டியது குதிரை வண்டியும் மோட்டார் பாடியும் செய்த சென்னைத் தொழிலாளர் கைகள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இன்று அதிகம் வாழ்வது பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும்தான். வேறு எங்கே கூடுவது?

எப்படி வருவது?

சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் புறநகர் ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி வியாசர்பாடி ஜீவாவில் இறங்குங்கள். விரைவு வண்டி அங்கே நிற்காது, கேட்டு ஏறுங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறலாம்.

என்ன உடுத்த வேண்டும்? பிள்ளைகளை அழைத்து வரலாமா?

மூடிய காலணி, உடம்போடு ஒட்டிய சட்டை. லுங்கி, தொங்கும் துப்பட்டா, மோதிரம், கைக்கயிறு டிரில் பக்கத்தில் கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் கொட்டகையில் இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வரலாம். கிளிக்கோ மாட்டுவதில் அவர்களைத் தோற்கடிக்க ஆளில்லை. பெண்கள் தாராளமாக வரலாம், வருகிறார்கள். ரிவெட் அளக்கும் மேசையை இப்போது நடத்துவதே இரண்டு அக்காக்கள்தான்.

மழை வந்தால்?

தூறலுக்குக் கூட்டம் நிற்காது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அன்று ரத்து. காற்றில் ஈரம் அதிகமான நாளில் பெயின்டும் எப்பாக்ஸியும் தொடமாட்டோம், தகட்டு வேலை மட்டும் நடக்கும்.

வீட்டில் நானே செய்த ஒரு பாகம் இருக்கிறது. கொண்டு வந்து காட்டலாமா?

கொண்டு வாருங்கள். வரைபடத்தையும் சேர்த்து எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர எங்களால் வேறெதுவும் சொல்ல முடியாது. பெயின்ட் அடித்து மூடுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.